எங்கடை போஷகர்

பொன்னாடை போர்த்த வருகிறோம் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். மரியாதை செய்ய வருகிறவர்களை வாசல் படலையிலேயே மறித்து, "என்னத்தைப் பறிக்கப் போறியள்?" என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை கேட்டும் விட்டேன். பிள்ளைகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பாவுக்கு வயசு போட்டுது, அதுதான் எரிஞ்சு விழுறார்" என்று வந்தவர்களுக்குச் சமாதானம் சொன்னார்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாற்பது வயதிலேயே எனக்கு இந்தக் குணம் வந்துவிட்டது. அது வந்த கதையைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில், பருத்தித்துறை றோட்டோரம், எனக்கு ஒரு பட்டறை இருந்தது. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பில் நான் வேலை செய்த கராஜை எரித்த பிறகு, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, பனங்குற்றி நட்டு மேலே தகரம் போட்டுத் தொடங்கியது அது. எங்கள் பக்கம் செம்மண் தோட்டங்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தாக வேண்டும். இறைக்கிற மிசின் நின்றால் தோட்டக்காரருக்குச் சோறு இறங்காது. மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வருவார். எனக்கு வேலை தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தெரியும் என்றால் தெரியும்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் என்று ஓர் ஆணிகூட வெளியிலிருந்து வராது. மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ ஒரு வழியால் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. பெற்றோலில் ஓடுகிற மிசினை மண்ணெண்ணெயில் ஓட வைப்பதற்கு ஊருக்கு ஊர் ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மல்லுக்கட்டினேன். மிசின் தலைக்குக் கீழே காஸ்கெற் என்கிற அடைப்புத் தகடு ஒன்று இருக்கிற இடத்தில் இரண்டு வைத்தால் அமுக்கம் குறையும், இடிக்காமல் ஓடும். எண்ணெய் வருகிற செப்புக் குழாயைப் புகைக் குழாயோடு சேர்த்துச் சுற்றிவிட்டால் எண்ணெய் சூடாகிப் போகும், புகை குறையும். மூக்குக்கு விடுகிற சொட்டு மருந்துப் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, இழுத்து ஸ்ராட் பண்ணும்போது மட்டும் சில துளி காட்டினால் போதும். பல மிசின்களைக் கெடுத்துத்தான் இவ்வளவையும் கண்டுபிடித்தேன். கெட்டவை எல்லாம் என் சொந்த மிசின்கள்.

கண்டுபிடித்ததை நான் பத்திரிகையில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது வந்துகொண்டிருந்த பத்திரிகை ஒன்றில் கிழமைக்கு ஒருமுறை 'மிசின் மூலை' என்று ஒரு சிறு பகுதி. தாள் தட்டுப்பாட்டால் அந்தப் பத்திரிகை சில நாள் கொப்பித் தாளில் வரும். கோடு போட்ட தாளில் என் எழுத்து அச்சாகி வந்ததைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் செய்யாமல் விட்ட வீட்டுவேலையை இப்போது செய்கிறேன் என்று மனைவி சிரித்தாள்.

"உதெல்லாத்தையும் பேப்பரிலை போட்டால் பிறகு உங்களட்டை ஆர் வரப் போயினம்?" என்று கேட்டவளும் அவள்தான்.

"வருவினம், இருந்து பார்" என்றேன்.

ஊருக்கு நன்மை செய்ய வேண்டுமென்று மட்டும் நான் எழுதவில்லை. எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஒரு பிஸ்ரன் றிங் இல்லாமல் என் பட்டறையில் ஒரு மிசின் மாதக்கணக்கில் தூங்கும். அதே றிங் சாவகச்சேரியிலோ சங்கானையிலோ யாருடைய தகரப் பேணிக்குள்ளோ துருப்பிடித்துக் கிடக்கும். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. என்னிடம் இருக்கிற வித்தையைப் பகிரங்கமாக வைத்தால் தொழில்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள், வந்தால் ஒருவரை ஒருவர் அறிவோம், அறிந்தால் சாமான் கைமாறும், எல்லோருக்கும் தொழில் ஓடும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினேன். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும், 'இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் புத்தூருக்கு வந்து என்னோடு சண்டை பிடிக்கலாம்' என்று போடுவேன்.

வந்தார்கள். சண்டை பிடிக்கவும் வந்தார்கள், தேங்காயும் மாம்பழமும் கொண்டும் வந்தார்கள். முதலில் வந்தவர் கொடிகாமத்தில் பட்டறை வைத்திருந்த ஒருவர். சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போகிற வான்களைத் திருத்துகிறவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சைக்கிளில் அவ்வளவு தூரம் உழக்கி வந்து, வியர்வையைக்கூடத் துடைக்காமல், "இரண்டு காஸ்கெற் எண்டு எழுதினியள் அண்ணை, இரண்டாவதை என்னத்திலை வெட்டினனீங்கள்?" என்று கேட்டார். பழைய கொதிகலம் ஒன்றின் செப்புத் தகட்டில் வெட்டியதைக் காட்டினேன். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, போகும்போது தன்னிடமிருந்த றிங்குகளில் எனக்கு வேண்டியதை அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த நாளே சந்தை வான் ஒன்றில் அனுப்பினார்.

மனைவியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "சரி, நீங்கள் சொன்னதுதான் சரி" என்றாள். அவள் அப்படிச் சொல்வது அபூர்வம் என்பதால் எனக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பிற்றர், மிசின் பூட்டுகிற தொழிலாளி. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெண்சாதி பிள்ளைகளோடு வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்தார். அளந்து பேசுகிற மனுசன், கை சுத்தம், கையெழுத்தும் சுத்தம். பட்டறையில் பாதியை அவருக்கு விட்டேன். என் பட்டறை ஆயுதங்களைத்தான் பாவித்தார். மிசின் மூலைக்கு வருகிற கடிதங்களுக்கு நான் சொல்லச் சொல்ல அவர்தான் பதில் எழுதுவார். பிறகு அச்சுவேலிப் பக்கம் சொந்தமாக ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போனபோது, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற என்னுடைய இரண்டாவது வைஸையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கொடிகாமத்துக்காரரும் இன்னும் பலரும் என் பட்டறையில் கூடுவார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர், நடுவில் கழற்றிப் போட்ட ஒரு மிசின், அதைச் சுற்றி வாக்குவாதம். என் வாழ்க்கையில் நான் அதிகம் சந்தோசமாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் காலத்தில் பட்டறைக்காரர்களுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். மிசினைத் திருத்தினால் போதாது, ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்ட எண்ணெய் வேண்டும். தோட்டக்காரர் பங்கீட்டில் எடுத்த எண்ணெயைப் பயிருக்கு வைத்திருப்பாரே தவிர, பட்டறையில் ஊற்றிப் புகைக்க மாட்டார். ஆகவே எண்ணெய் உள்ள பட்டறைக்குத்தான் மிசின் போகும். நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிராம சேவையாளரிடம் கடிதம் வாங்கிக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தோம். அது ஒருநாள் நின்றது. இனித் தனி ஆட்களுக்கு இல்லை, தொழில்காரர் சங்கமாகப் பதிந்து வந்தால் சங்கத்துக்கு ஓர் அளவு தருவோம், அதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று பங்கீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"பிறகென்ன, எங்களிட்டைத்தான் ஆக்கள் இருக்கினமே" என்று நான்தான் துள்ளினேன். மற்ற ஊர்க்காரர் இனிமேல்தான் ஆள் தேட வேண்டும். எங்களுக்கு மிசின் மூலையால் ஆட்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். நாலைந்து வருடம் எழுதியதன் பலன் இப்போதுதான் கைக்கு வருகிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்குச் சங்கம் என்றால் சும்மா வராது. தலைவர் வேண்டும், செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும், யாப்பு என்று ஒரு விதிக்கோவை வேண்டும், எல்லாவற்றுக்கும் முதல் யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும். ஞாயிறு பின்னேரம், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஒரு ரியூட்டரிக் கொட்டிலில் கூட்டம் நடந்தது. நான் போனபோது மேசைக்குப் பின்னால் நடுக் கதிரையில் என்னை இருத்தினார்கள். கொடிகாமத்துக்காரர் எழும்பி, தண்ணீர் குடித்துவிட்டு, மேடைத் தமிழில் தொடங்கினார். நான் விளக்காம், நான் வேராம். "அண்ணை இல்லாட்டில் இஞ்சை இருக்கிற ஒருத்தரும் இல்லை" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பென்று நான் இன்றும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பிற்றர் எழும்பி, தன் சுத்தமான குரலில், "எங்கள் அண்ணையைச் சாதாரண அங்கத்தவரா வைச்சிருக்கிறது எங்களுக்கு மரியாதை இல்லை. ஆகவே அவரைச் சங்கத்தின்ரை போஷகரா ஏகமனதாத் தெரிவு செய்வம்" என்றார். திரும்பவும் கை தட்டினார்கள். எங்கள் ஊர்ச் சங்கங்களில் போஷகர் என்றால் எல்லோருக்கும் மேலே இருக்கிறவர். வழக்கமாக ஒரு டொக்டர், ஓய்வுபெற்ற அதிபர், அல்லது கோயில் முதலாளி. எண்ணெய்ப் பிசுக்குப் போகாத நகத்தோடு அந்த வரிசையில் நானும் ஏறிவிட்டேனே என்று நெஞ்சு விம்மியது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு இருந்தேன்.

கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது பிற்றர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, குறை நினைக்கப்படாது. பொன்னாடை கோயிலிலை இரவல் வாங்கினது. திருப்பிக் குடுக்க வேணும்."

கழற்றிக் கொடுத்தேன். தடைக் காலத்தில் புதுத் துணிக்கு எங்கே போவது? அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் மனைவிக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "போஷகருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். "வேலை ஒண்டும் இல்லை, மரியாதைதான்" என்றேன். அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

சங்கத்துக்கு முதல் முறை எண்ணெய் வந்தது. எண்ணெய்ப் பரலை அச்சுவேலியில் பிற்றரின் கொட்டிலில் இறக்கியிருந்தார்கள். மண்ணெண்ணெய்க் கானைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். என் பட்டறையில் அப்போது திருத்தி முடித்த மிசின்கள் ஓட்டிப் பார்க்க எண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்றன. தோட்டக்காரர்கள் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டிலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லோரும் கான்களோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். பிற்றர் ஓடிப்போய்க் கதிரை எடுத்து வந்து, துடைத்துப் போட்டார்.

"இருக்க வரேல்லை. கானை நிரப்பித் தாரும்" என்றேன்.

பிற்றர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணை, அங்கத்தவர்களுக்குத்தான் எண்ணெய் பிரிக்கிறது. யாப்பிலை அப்பிடித்தான் கிடக்கு. போஷகர் அங்கத்தவரில்லை" என்றார்.

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை.

"அப்ப என்னையும் அங்கத்தவராச் சேர்த்துவிடுங்கோ."

"தொழில் செய்யிறவையைத்தான் சேர்க்கலாம் அண்ணை."

"நான் என்ன செய்யிறன்?"

பிற்றர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "நீங்கள் எழுதுறியள்."

என்னுடைய வைஸ் அவருக்குப் பின்னால் மேசையில் பூட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடிகாமத்துக்காரர் என் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். றோட்டுக்கு வந்ததும் உடைத்துச் சொன்னார். அந்தளவில் அவர் நேர்மையானவர்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. தாற எண்ணெய் கொஞ்சம், ஆக்கள் கூட. நீங்களும் ஒரு பங்கு எடுத்தால் வலிகாமத்து மிசின் எல்லாம் பேப்பரைப் பார்த்திட்டு உங்களட்டைத்தான் வரும். எங்களுக்கு எண்ணெய் இருந்தும் வேலை இராது. உங்களை ஒருத்தரும் கீழை தள்ளேல்லை. மேலைதானே வைச்சிருக்கிறம்."

"உங்களுக்கு உந்த வேலையைப் பழக்கினதே நான்" என்றேன்.

"ஓம் அண்ணை. அதைத்தானே எல்லாருக்கும் சொல்லுறம்" என்றார்.

வெறும் கானோடு திரும்பினேன். ஆவரங்கால் தாண்டும்போது அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. எதிரி என்று ஒருவன் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். இவர்கள் ஒவ்வொருவரையும் நானே என் எழுத்தால் கூப்பிட்டேன், சோறு போட்டேன், ஒருவரோடொருவர் அறிமுகம் செய்து வைத்தேன். ஒருவரையொருவர் தெரியாமல் இருந்திருந்தால் என்னை வெளியே தள்ள அவர்களுக்கு ஒன்றுகூடவும் தெரிந்திருக்காது.

மிசின் மூலையை நிறுத்தினேன். பத்திரிகைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை அது சங்கத்தின் பெயரில் வந்தது, அதே தலைப்போடு. இரண்டு காஸ்கெற் விசயத்தைத் திரும்ப எழுதியிருந்தார்கள். கீழே, 'எமது போஷகர் அவர்களின் ஆசியுடன்' என்று போட்டிருந்தது. அந்தத் தாளை மனைவி அடுப்பு மூட்ட எடுத்தாள். நான் மறிக்கவில்லை.

மிசின்கள் ஒவ்வொன்றாக என் பட்டறையை விட்டுப் போயின. தோட்டக்காரரில் எனக்குக் கோபமில்லை. பயிர் வாடும்போது மனுசன் வேறென்ன செய்வான்? நான் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போனேன். றோட்டில் என்னைக் கண்டால் சங்கத்து ஆட்கள் சைக்கிளால் இறங்கி நின்றுதான் கதைப்பார்கள். ஒருவர்கூட ஓடிக்கொண்டே போனதில்லை. அவ்வளவு மரியாதை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழைக்குள், சனத்துக்குள், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. கொண்டுவந்த அரிசி முடிந்த அன்று மனைவி என்னைப் பார்த்தாள். அவள் எதைச் சொல்ல நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அவரிட்டைப் போய்க் கேளுங்கோ. றோசத்தைப் பாக்கிற நேரமோ இது?" என்றாள்.

போனேன். கொடிகாமத்துக்காரரின் பட்டறை அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. இடம்பெயர்ந்து வந்த அத்தனை மோட்டச்சைக்கிளும் அங்கேதான். றோட்டுவரை மிசின்கள். வேலைக்கு ஆட்கள் காணாமல் அவரே மல்லாந்து படுத்து ஒரு வானுக்குக் கீழே கிடந்தார். நான் வந்ததைக் கேட்டு வெளியே தவழ்ந்து வந்தார். என்னைக் கண்டதும் உண்மையாகவே முகம் மலர்ந்தது.

"ஐயோ அண்ணை, எப்ப வந்தனீங்கள்? எங்கை இருக்கிறியள்?"

சொன்னேன். பிறகு, வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்ததையும் சொன்னேன்: "எனக்கு ஒரு வேலை தாரும். நாட்கூலிக்குச் செய்யிறன்."

அவர் திகைத்துப் போனார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். ஒருவர் கதிரையைக் கொண்டு வந்தார். அவர் அதைத் தான் உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, பட்டறையின் நடுவில், எல்லோரும் பார்க்கும்படி போட்டு, என்னைத் தோளில் அழுத்தி இருத்தினார். எனக்குப் பக்கத்தில் ஒரு மோட்டச்சைக்கிள் இரண்டு காஸ்கெற் போடுவதற்காகத் திறந்து கிடந்தது. அதைத் திறந்தவர் தகட்டைப் பிழையாக வெட்டிக்கொண்டிருந்தார். கை துறுதுறுத்தது. குனிந்து ஸ்பனரை எடுத்தேன்.

கொடிகாமத்துக்காரர் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி.

"சீ, நீங்களோ? உங்களைக் கொண்டு உந்த ஊத்தை வேலை செய்விச்சால் சனம் எங்களைக் காறித் துப்பும்" என்றார். பிறகு பட்டறையில் நின்றவர்களைப் பார்த்துப் பெருமையோடு கைநீட்டினார். "இவரை ஆரெண்டு தெரியுமோ? இவர்தான் எங்கடை போஷகர்."

எல்லோரும் கும்பிட்டார்கள். தகட்டைப் பிழையாக வெட்டிக்கொண்டிருந்தவரும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. பனங்கட்டியும் வந்தது. குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு வானுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்ன, கிடைச்சுதோ?"

"ஓம்" என்றேன். "கதிரை கிடைச்சுது."